கட்டை எங்கே போடுவது?

தகரப் பெட்டியைத் திறந்ததும் பாச்சா உருண்டை வாடைதான் முதலில் வந்தது. மேலே சித்தியின் கூறைப் புடவை. அதற்கடியில் காலியான கோடாலித் தைலக் குப்பிகள் இரண்டு, நின்றுபோன கைக்கடிகாரம், யார் யாருடையதோ பாஸ்போர்ட் அளவுப் படங்கள். எல்லாவற்றுக்கும் கீழே பழைய கைலியில் சுற்றிச் சணலால் கட்டிய ஒரு மூட்டை. அவிழ்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. சித்தப்பாவும் ஒன்றும் பேசவில்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

2023 சித்திரைப் பிறப்புக்கு மன்னார்குடிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். பரணில் கறையான் ஏறிவிட்டது, பெட்டிகளை இறக்கித் தரவேண்டும் என்று சித்தி சொன்னதால்தான் ஏணியில் ஏறினேன். இல்லாவிட்டால் அந்தக் கார் இன்னும் அங்கேயேதான் கிடந்திருக்கும்.

கார் என்றால் ரிமோட் கார். ஜப்பான்காரர்கள் செய்தது; தமியா கம்பெனியின் 'கிராஸ்ஹாப்பர்'. நாங்கள் அதை வெட்டுக்கிளி என்றுதான் சொல்வோம். 1984-ல் வந்த மாடல். ஷிசுவோகா என்ற ஊரில் 1946-ல் மரம் அறுத்து விற்கும் தொழிலாக ஆரம்பித்த கம்பெனி, பிறகு மர பொம்மை, பிளாஸ்டிக் பொம்மை என்று மாறி, 1976-ல் ஒரு போர்ஷே காரைத் தன் முதல் ரேடியோ வண்டியாக விட்டது என்பதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், கம்பி ஏதும் இல்லாமல் முப்பது நாற்பது அடி தள்ளி நின்று ஓட்டக்கூடிய ஒரு வெள்ளைக் காரை என் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்திருக்கிறார் என்பதுதான்.

சித்தப்பா அப்போது செம்பவாங்கில் ஒரு கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமையானால் எல்லாரையும்போல சிராங்கூன் ரோட்டுக்கு வந்து, சோறு தின்று, ஊர்க்காரர்களைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து சுங்கை ரோடு வரை நடப்பாராம். சுங்கை ரோட்டில் தரையில் சாக்கை விரித்துப் பழைய சாமான் விற்கும் சந்தை ஒன்று இருந்தது. திருடர் சந்தை என்று அதற்குப் பெயர். 2017-ல் அதை மூடிவிட்டார்கள். அங்கேதான், ஓட்டை ரேடியோக்களுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே, இந்தக் காரும் அதன் ரிமோட்டும் சார்ஜரும் கிடந்திருக்கின்றன. என்ன விலைக்கு வாங்கினார் என்பதை இன்றுவரை சித்தியிடம் சொன்னதில்லை. என்னிடமும்தான்.

1989 தையில் அவருக்குக் கல்யாணம். அதற்காக லீவு போட்டு வந்தவர், நகைக்கும் புடவைக்கும் நடுவே வைத்து இதைக் கொண்டுவந்தார். சார்ஜரின் பிளக்குக்கு மூன்று சதுரக் கால்கள். எங்கள் வீட்டுச் சுவரிலோ வட்டத் துளைகள். கப்பலுக்கே கரண்ட் கொடுக்கிற மனிதர், பிளக்கை வெட்டியெறிந்துவிட்டுக் கம்பியைச் சீவித் துளைக்குள் விட்டுத் தீக்குச்சியைச் செருகினார். அப்பாயி சாமி கும்பிட்டாள். ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறினால் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஓடும். நடுவில் கரண்ட் போனால் அதுவும் இல்லை.

அந்தப் பத்து நிமிஷத்துக்காகத் தெருவே காத்திருந்தது.

அது எப்படி ஓடியது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் அதில்தான் இருக்கிறது. வண்டிக்குள் இரண்டு சின்ன சர்வோ மோட்டார்கள். ஒன்று முன்சக்கரங்களைத் திருப்பும். மற்றொன்று ஒரு கையைத் திருப்பும். அந்தக் கையின் நுனியில் செம்புத் தகடு. ரிமோட்டில் குச்சியைத் தள்ளத் தள்ள, அந்தக் கை ஒரு தட்டின் மேல் நகர்ந்து ஒவ்வொரு செம்புப் புள்ளியாகத் தொடும். முதல் புள்ளியைத் தொட்டால் பேட்டரியின் கரண்ட் பீங்கான் கட்டி மாதிரியான ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சுற்றிக்கொண்டு மோட்டாருக்குப் போகும். வண்டி மெதுவாகப் போகும். அடுத்த புள்ளியில் பாதி ரெசிஸ்டர். கடைசிப் புள்ளியில் எந்தத் தடையும் இல்லை, நேரே மோட்டார். ஆக மொத்தம் மூன்றே வேகம். மெதுவாக ஓட்டும்போது மிச்சமாகிற கரண்ட் எல்லாம் அந்தப் பீங்கான் கட்டியில் சூடாகத்தான் வெளியேறும். பழைய வீடுகளில் சுவரில் இருந்த பெரிய சதுர ஃபேன் ரெகுலேட்டரை ஒன்றாம் நம்பரில் வைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எங்கள் வண்டியில் முன்பு வைத்திருந்தவன் யாரோ, சின்ன மோட்டாரைக் கழற்றிவிட்டு, இதன் அண்ணனான 'ஹார்னெட்' வண்டியில் வரும் பெரிய மோட்டாரைப் பொருத்தியிருந்தான். அதனால் சூடு இன்னும் கூடுதல். என் வலது ஆள்காட்டி விரலில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு இன்னும் இருக்கிறது.

மோட்டாருக்குத்தான் பெரிய பேட்டரி. ரிமோட் சொல்வதைக் கேட்கிற ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் தனியாக ஒரு டப்பாவில் நான்கு பென்சில் கட்டை போடவேண்டும். இந்த நான்கு கட்டைகளில்தான் விஷயம் இருக்கிறது.

பொங்கல் முடிந்த வாரம். 21-ம் தேதி தேர்தல். சுவருக்குச் சுவர் உதயசூரியனும் சேவலும் இரட்டைப் புறாவும் கையும். ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு போவதும் வருவதுமாக ஒரே இரைச்சல். அப்பாயிக்கு அரசியல் பித்து. அவளிடம் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் இருந்தது. அதற்கும் நான்கு பென்சில் கட்டைதான். சத்தம் கம்மிவிட்டது, புதுக் கட்டை வாங்கி வா என்று என்னிடம் காசு கொடுத்தாள். அந்தக் காசில் நான் பம்பரமும் சாட்டையும் வாங்கினேன். பிறகு காரின் வயிற்றைத் திறந்து, சித்தப்பா போட்டிருந்த நல்ல கட்டைகளை எடுத்து டிரான்சிஸ்டரில் போட்டு, டிரான்சிஸ்டரின் செத்த கட்டைகளைக் காரில் போட்டு மூடினேன். ஓடுமா என்று பார்த்தேன். ஓடியது. பத்து வயதுக்கு அது போதும்.

அன்று சாயங்காலம் வாய்க்கால் கரையோரப் பாதையில் சித்தப்பா வண்டியை விட்டார். குச்சியை முழுக்கத் தள்ளினார். வெட்டுக்கிளி புழுதி கிளப்பிக்கொண்டு பறந்தது. வளைவு வந்ததும் குச்சியை இழுத்தார். வண்டி நிற்கவில்லை. திருப்பினார். திரும்பவில்லை. செத்த கட்டைகள் அந்த நொடியில் முழுசாகச் செத்துவிட்டன. ரிசீவருக்கு உயிரில்லை, சர்வோவுக்கும் உயிரில்லை, செம்புக் கை கடைசிப் புள்ளியிலேயே அப்படியே உட்கார்ந்துவிட்டது. மோட்டாருக்குப் பெரிய பேட்டரி தனியாக இருந்ததே, அது பாட்டுக்குக் கரண்ட்டைக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் இந்த ஏற்பாட்டில் இருந்த எந்த வண்டியும் இப்படித்தான் செய்திருக்கும். கடைசியாகக் காதில் விழுந்த கட்டளையை விடாமல் நிறைவேற்றிக்கொண்டே இருக்கும்.

கல்யாண மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். பின்னால் நாங்கள் பதினைந்து பையன்கள். எதிரே கரும்புக்கட்டோடு வந்த சைக்கிள்காரர் ஒருவர் வழிவிட்டு வயலில் இறங்கினார். வண்டி மதகில் மோதி, எகிறி, தலைகுப்புற வாய்க்காலில் விழுந்தது. சம்பாவுக்கு விட்ட தண்ணீர், இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது. எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர்தான் முங்கி எடுத்துக் கொடுத்தார். சக்கரம் தண்ணீருக்குள்ளும் சுற்றிக்கொண்டே இருந்ததாம். அதைச் சொல்லிச் சொல்லி அவர் ஒரு மாசம் சிரித்தார்.

"மாப்பிள்ளைக்குப் பொம்மையே அடங்கலியே" என்று பெண் வீடு வரை பேச்சுப் போயிற்று. சித்தப்பா வண்டியை வெயிலில் காயவைத்தார். அதற்குள் கல்யாணம், மறுவீடு, லீவு முடிந்தது. கைலியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு விமானம் ஏறினார். அதற்குப் பிறகு 2011 வரை எத்தனையோ லீவில் வந்தார். "பாத்துக்கலாம்டா" என்பதோடு சரி. கட்டை மாற்றியதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

முப்பத்து நான்கு வருஷம் கழித்துக் கயிற்றுக் கட்டிலில் வைத்துப் பிரித்துப் பார்த்தோம். டயர் ரப்பர் கல்லாகிவிட்டிருந்தது. பழைய பேட்டரி வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. ஓட்டுநர் பொம்மையின் முகம் மட்டும் அப்படியே இருந்தது. செம்புப் புள்ளிகள் பச்சை பிடித்து, கடைசிப் புள்ளியில் மட்டும் ஒரு கருகல் வட்டம். சர்வோ இரண்டும் அசையவில்லை. மோட்டாரை என் பைக் பேட்டரியில் ஒரு நொடி தொட்டுப் பார்த்தார் சித்தப்பா, உறுமியது. கிழவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"செம்பை உப்புத்தாள் போட்டுத் தேச்சா இன்னும் பத்து வருசம் ஓடும்" என்றார்.

எனக்கு அதில் இஷ்டமில்லை. சென்னைக்குத் திரும்பியதும் கொஞ்சம் படித்தேன். இப்போது யாரும் செம்புக் கை வைப்பதில்லை. எலக்ட்ரானிக் ஸ்பீடு கண்ட்ரோல்தான். இஎஸ்சி என்கிறார்கள். தமியாவே இந்த வெட்டுக்கிளியை 2005-ல் மறுபடி வெளியிட்டது. முழுசாகப் புதிது வாங்கிவிடலாம்தான். ஆனால் எனக்கு வேண்டியது புதுக் கார் இல்லை, அந்தக் கார் நிற்கவேண்டும் என்பது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் இஎஸ்சி என்று கேட்டால் முதலில் டிரோனுக்குத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். மோட்டாருக்கு மூன்று கம்பி வெளியே வருவது டிரோன் வகை. பிரஷ் இல்லாத மோட்டாருக்கு. என்னுடையது கார்பன் பிரஷ் வைத்த பழைய மோட்டார். அதற்கு இரண்டே கம்பிதான். இது தெரியாமல் வாங்கிவிட்டு மறுநாள் திருப்பப் போய் நின்றவன் நான். இரண்டாவது கடையில் நீல நிறத்தில், மேலே குட்டி ஃபேன் வைத்து, '320 ஆம்பியர்' என்று எழுதிய ஒன்றை மலிவாகக் காட்டினார்கள். கடை வாசலிலிருந்தே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"எத்தனை ஆம்பியர்?"

"முந்நூத்தி இருபதுங்க சித்தப்பா."

"கம்பி எவ்ளோ மொத்தம்?"

"மிக்ஸி ஒயர் அளவு இருக்கும்."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "டேய், பட்டறையில முந்நூறு ஆம்பியர்ல வெல்டிங் ஓட்டுவாங்க. அந்தக் கேபிளைத் தோள்ல போட்டா தோள் எறங்கிப்போயிரும். கம்பியைப் பாரு, எழுத்தைப் பாக்காத."

60 ஆம்பியர் என்று அடக்கமாக எழுதியிருந்ததை, அதைவிட அதிக விலை கொடுத்து வாங்கினேன். அதோடு ஒரு புது ரிமோட், ரிசீவர், ஒரு சர்வோ, 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரி. கடைக்காரர் லித்தியம்தான் எடுக்கச் சொன்னார். இரண்டு செல், முழு சார்ஜில் 8.4 வோல்ட், வண்டி பிய்த்துக்கொண்டு போகும் என்றார். பிய்த்துக்கொண்டு போன கதை எனக்குத் தெரியும்.

மே மாதம், கத்திரி வெயிலில், திண்ணையில் பாய் விரித்து வேலையை ஆரம்பித்தோம். சொல்லப்போனால் ஆரம்பித்தது நான், சித்தப்பா மேஸ்திரி.

பழைய தட்டையும் கையையும் அதை இழுத்த சர்வோவையும் பீங்கான் கட்டியையும் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். அவ்வளவும் போன பிறகு வண்டிக்குள் ஒரு வெற்றிடம். அதில் வைக்கப்போகிற கறுப்புப் பெட்டி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. சித்தப்பா அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மேலே அலுமினியச் சிறகுகள், உள்ளே என்ன என்று தெரியாதபடி அடைப்பு.

"இது உள்ள என்ன பண்ணுது?"

"ஸ்விட்ச்தான் சித்தப்பா. போட்டுப் போட்டு அணைக்குது. நொடிக்கு ஆயிரம் தடவை. பாதி நேரம் போட்டுப் பாதி நேரம் அணைச்சா பாதி வேகம். கால்வாசி நேரம் போட்டா கால்வாசி. அதனால சூடு அவ்வளவா இல்ல."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப மெதுவாப் போறப்பவும் முழு வோல்ட்டுதான் போவுது. விட்டு விட்டுப் போவுது."

"ஆமா."

"இது ரிப்பேர் ஆனா?"

"தூக்கிப் போட வேண்டியதுதான்."

முகத்தைச் சுளித்தார். அந்தச் சுளிப்பில் நியாயம் இருந்தது. பழைய தட்டில் கரண்ட் எங்கே போகிறது, எங்கே தேய்ந்தது, எங்கே கருகியது என்று கண்ணால் பார்க்கலாம். கைவிரலால்கூடத் தெரிந்துகொள்ளலாம், என் தழும்பே சாட்சி. இந்தப் பெட்டியில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நானும் முழு மனசோடு அதன் கட்சி இல்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். வீட்டில் மாவரைக்கிற கிரைண்டர் நின்றாலே மோட்டாரைப் பார்த்துவிட்டுப் போர்டுக்குள் ஏதோ போய்விட்டது என்று கையை விரிக்கிற காலம் இது.

பிளக்கில்தான் வம்பு வந்தது. பேட்டரியில் இருந்தது பழைய பாணி வெள்ளை பிளக். இஎஸ்சியில் இருந்தது T வடிவத்துச் சிவப்பு பிளக். வெள்ளையை வெட்டிவிட்டுச் சிவப்பை வைக்கவேண்டும். நான் கட்டிங் பிளேயரை எடுத்து, இரண்டு கம்பியையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து ஒரே அழுத்து.

படாரென்று நீலப் பொறி. பிளேயர் கையிலிருந்து எகிறி முற்றத்தில் போய் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் வெட்டுவாயில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம். பேட்டரியின் பிளஸ்ஸையும் மைனஸையும் இரும்பாலேயே சேர்த்துவிட்டேன். உள்ளேயிருந்து சித்தி, "என்னா வெடிச்சுது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, உம் புள்ள படிச்சிருக்கான்" என்றார் சித்தப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரு கம்பியை வெட்டு. அதை டேப் சுத்தி மூடு. அப்புறம் அடுத்ததை வெட்டு. சின்னப் பேட்டரின்னு நெனைக்காத. கப்பல்லயும் இதே பாடந்தான், என்ன, அங்க ஆளே போயிருவான்."

நான் கொண்டுபோயிருந்த சால்டரிங் அயர்ன் 25 வாட். தடித்த கம்பி அதன் சூட்டை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தது. ஈயம் கஞ்சி மாதிரி மேலே ஒட்டியதே தவிர உள்ளே இறங்கவில்லை. இழுத்தால் கையோடு வந்தது. "டிரை சால்டர்" என்றார் மேஸ்திரி. தெருக்கோடி டிவி மெக்கானிக்கிடம் போய் 60 வாட் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். கம்பி நுனிக்கும் பிளக் காலுக்கும் தனித்தனியாக முதலில் ஈயம் பூசிக்கொண்டு, பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்துச் சூடு காட்டினால், இரண்டும் ஒரு கணம் பளபளவென்று உருகிக் கலந்துவிடும். ஊதக்கூடாது, ஆட்டக்கூடாது, தானாக ஆறவேண்டும். சூட்டில் பிளாஸ்டிக் இளகிக் கால் கோணாமல் இருக்க எதிர் பிளக்கைச் செருகிவைத்துக்கொண்டு செய்யவேண்டும் என்பது அவர் சொல்லிக் கொடுத்தது. எல்லாம் முடிந்து அழகு பார்க்கும்போதுதான் கவனித்தேன்: சுருங்கு ஸ்லீவைக் கம்பியில் மாட்ட மறந்துவிட்டேன். அது பாயில் கிடந்தது. எல்லாவற்றையும் உருக்கிப் பிரித்து மறுபடியும்.

மோட்டாரின் முதுகில் பழுப்பு வில்லை மாதிரி மூன்று கெப்பாசிட்டர்கள் ஒட்டியிருந்தன. அசிங்கமாக இருக்கிறதே என்று நான் கிள்ளப் போனேன். சித்தப்பா கையைத் தட்டிவிட்டார். பிரஷ் மோட்டார் சுற்றும்போது உள்ளே பொறி பறந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சல் ரிசீவரைக் குழப்பாமல் குடித்துவிடுவதற்குத்தான் அவை. மோட்டாரின் இரண்டு முனைக்கு நடுவில் ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உடம்புக்கு ஒவ்வொன்று. ரிசீவரையும் அதன் வால் கம்பியையும் மோட்டாரிலிருந்தும் இஎஸ்சியிலிருந்தும் எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்தோம். கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய சானிட்டைசரால் தரையைத் துடைத்து, இரட்டைப் பக்க டேப்பில் பெட்டியை ஒட்டினேன். சிறகுகளுக்கு மேலே காற்றுப் போக இடம் விட்டேன். நீலமும் மஞ்சளுமாக இரண்டு கம்பி மோட்டாருக்கு. அவற்றை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் பின்னோக்கிச் சுற்றும், அவ்வளவுதான், திருப்பி மாட்டிக்கொள்ளலாம். பேட்டரிப் பக்கம் மாற்றிக் கொடுத்தால் மன்னிப்பே கிடையாது. ஒரு புகை, ஒரு நாற்றம், காசு போச்சு. சிவப்பையும் கறுப்பையும் நாங்கள் இருவரும் தனித்தனியாக மூன்று முறை பார்த்தோம்.

மூடியைப் போடப் போனேன். சித்தப்பா தடுத்தார். வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கட்டை எங்க போடறது?" என்று கேட்டார்.

"எந்தக் கட்டை?"

"ரிசீவருக்கு. நாலு பென்சில் கட்டை."

கட்டையே வேண்டாம் என்றேன். இஎஸ்சியிலிருந்து ரிசீவருக்குப் போகிற மூன்று கம்பி வாலைக் காட்டினேன். ஒன்றில் ரிமோட்டின் கட்டளை இங்கே வருகிறது. மற்ற இரண்டில் இங்கிருந்து 6 வோல்ட் அங்கே போகிறது. பெரிய பேட்டரியிலிருந்தே குறைத்துக் கொடுத்துவிடுகிறது. இனி ஒரே பேட்டரிதான். ரிசீவர் செத்தால் மோட்டாரும் கூடவே சாகும். பழைய கட்டை டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். உள்ளே ஸ்பிரிங்கெல்லாம் துரு. அவர் அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

சொல்லிவிடலாம் என்று அப்போது தோன்றியது. சொல்லவில்லை.

முதலில் ரிமோட்டைப் போடவேண்டும், பிறகுதான் வண்டியை. அணைக்கும்போது வண்டியை முதலில், ரிமோட்டைக் கடைசியில். இது சட்டம். வண்டிக்கு எப்போதும் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். பேட்டரி நிக்கல்தான் என்று இஎஸ்சிக்குச் சொல்ல ஒரு குட்டிக் குல்லாவை அதற்குரிய ஊசிகளில் மாட்டினேன். விசையைத் தொடாமல் வைத்துக்கொண்டு வண்டியின் ஸ்விட்சைத் தட்டினேன். மூன்று நொடி. குட்டியாக ஒரு 'பீ', பிறகு நீளமாக ஒரு 'பீஈ'. இது நடுநிலை என்று குறித்துக்கொண்டுவிட்டது.

"ஸ்பீக்கர் எங்க இருக்கு?" என்றார் சித்தப்பா.

ஸ்பீக்கர் இல்லை, மோட்டாரேதான் பாடுகிறது. சுற்றாத அளவுக்குக் கொஞ்சமாகக் கரண்ட்டைத் தட்டித் தட்டி விட்டால் அதன் உடம்பு அதிர்ந்து சத்தம் வரும். 1989-ல் வாய்க்காலுக்குள் சுற்றிக்கொண்டிருந்த அதே மோட்டார்.

விசையை மயிரிழை அழுத்தினேன். மெல்லிய ரீங்காரம். பின்சக்கரம் நகர்ந்ததா இல்லையா என்று தெரியாதபடி நகர்ந்தது. இன்னும் மயிரிழை. திண்ணையில் எறும்பு வரிசை ஒன்று போய்க்கொண்டிருந்தது; கல்லாகிப்போன டயரோடு வெட்டுக்கிளி அந்த வரிசைக்குப் பக்கவாட்டில், எறும்பு வேகத்தில், ஊர்ந்தது. செம்புக் கையில் மூன்றே வேகம் கண்ட எனக்கு இது மாயம்போல இருந்தது. முதல் புள்ளிக்கும் நிற்பதற்கும் நடுவே இவ்வளவு இடம் இருக்கிறது என்றே அப்போது தெரியாது. சித்தப்பா குனிந்து அலுமினியச் சிறகைத் தொட்டார். விரலை எடுக்கவில்லை. "சுடல" என்றார்.

பின்னால் எடுக்கச் சொன்னார். விசையை எதிர்ப்பக்கம் தள்ளினேன். நின்றது, பின்னால் போகவில்லை. ரிப்பேர் என்றார். முதல் தள்ளுக்குப் பிரேக், விட்டுவிட்டு மறுபடி தள்ளினால்தான் பின்னால் போகும் என்று காட்டினேன். பாய்ந்து போகிற வண்டியைத் திடீரென்று பின்னால் இழுத்துப் பல்சக்கரம் தெறிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. "பரவால்ல, புத்தி இருக்கு" என்று அந்தக் கறுப்புப் பெட்டிக்கு முதல் முறையாக ஒரு நல்ல வார்த்தை சொன்னார்.

வெயில் தாழ்ந்ததும் வாய்க்கால் கரைக்குப் போனோம். அவர்தான் வேண்டுமென்று சொன்னார். மேட்டூர் திறக்க இன்னும் நாள் இருந்தது. வாய்க்கால் வறண்டு, பிளாஸ்டிக் பையும் நாணலுமாகக் கிடந்தது. மதகைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். பாதை அதேதான், தார் போட்டு அது பெயர்ந்தும் போயிருந்தது.

"ரிமோட்டைக் கொடு."

கொடுத்தேன். முழுக்க அழுத்தினார். வண்டி வாலை ஆட்டிக்கொண்டு மதகைப் பார்த்துப் பறந்தது. அறுபத்தெட்டு வயதில் அவர் கண் அதை விடாமல் பிடித்திருந்தது. பாதி தூரத்தில், விசையை விடாமலே, ரிமோட்டின் ஸ்விட்சை அணைத்தார்.

கட்டளை நின்ற மறு கணமே மோட்டாரின் சத்தம் அறுந்தது. வண்டி வந்த வேகத்தில் உருண்டு, எட்டொன்பது அடி போய், புல்லில் முட்டி நின்றது.

அவர் நடந்துபோய்ப் பார்த்தார். காலால் அடியளந்தார். வண்டியைத் தூக்கிவந்து அதே இடத்தில் வைத்தார். மறுபடி ரிமோட்டைப் போட்டு, மறுபடி முழு வேகம், மறுபடி அணைப்பு. நின்றது. மூன்றாவது முறையும் நின்றது.

"சித்தப்பா, அன்னிக்கு நாந்தான் கட்டையை மாத்திட்டேன்" என்றேன். "அப்பாயி டிரான்சிஸ்டர்ல இருந்த செத்த கட்டை அது. அவ கொடுத்த காசுல பம்பரம் வாங்கிட்டேன்."

அவர் மதகுக்கும் வண்டிக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

"அது கெடக்கட்டும். வண்டிய எடுத்தா. இன்னும் ரெண்டடி தள்ளி அணைச்சுப் பாப்போம்."